வௌவால் சீட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எனக்கு மறையூரில் வெல்லம் காய்ச்சுகிற வேலை. உங்கள் அம்மா வீட்டிலிருந்தபடியே துணி தைத்தாள். எஸ்டேட் துரைசாணி ஒருத்தி தன் ஊருக்குக் கப்பலேறும்போது, கவுன் தைத்துக் கொடுத்த பிரியத்தில் ஒரு சீட்டுக்கட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். சூதாடுகிற சீட்டு அல்ல, சீமையில் குறி பார்க்கிற படச்சீட்டு. இடி விழுந்த கோபுரம், சிங்கத்தின் வாயைப் பிடித்த பெண், தேரில் நிற்கிற ராஜா என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். இங்கிலீஷ் எங்களுக்குத் தெரியாது. கிளிஜோசியக்காரர் செய்வதுபோல் படத்தைப் பார்த்து நாங்களே பலன் சொல்லிக்கொண்டோம். காலையில் ஒரு சீட்டு எடுக்காமல் உங்கள் அம்மா அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள்.

மூத்தவன் வயிற்றில் இருந்தபோது, அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக அவளுடைய அண்ணன் கொல்லங்கோட்டிலிருந்து வந்தார். அன்று காலை அவள் எடுத்த சீட்டில் ஒருவன் ஒற்றைக் காலில் கட்டுண்டு மரத்தில் தலைகீழாகத் தொங்கினான். கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்துவிட்டாள். மலையிறங்கும்போது பஸ் கவிழும் என்பது அவள் சொன்ன பலன். அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான மருத்துவச்சி கிடையாது. தாய்வீட்டுக்குப் போகமாட்டேன் என்கிறாளே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மச்சான் யுத்தத்துக்கு முன்பு ரங்கூனில் ஒரு சீனர் கடையில் காகிதக் குடைகளுக்குப் படம் எழுதியவர். சீட்டுகளைப் பரப்பிப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரனுக்கு எதையும் முட்டி மோதித்தான் சாதிக்க வேண்டும் போலிருக்கிறது என்றார். பிறகு சீட்டுகளின் மேல் காகிதம் ஒட்டி மையால் வரைய ஆரம்பித்தார். அந்தச் சீனர் ‘வழி’ என்று ஒன்றைப் பற்றிப் பேசுவாராம். தண்ணீர் மாதிரி தணிந்து, வளைந்து, யாரோடும் மல்லுக்கட்டாமல் போவதாம் அது. ஆகவே ராஜாவின் தேர் துடுப்பில்லாத ஓடமாயிற்று. சிங்கத்தைப் பிடித்த பெண்ணுக்குப் பதில், பாறையைச் சுற்றிக்கொண்டு போகிற ஓடை. கோபுரம் இருந்த இடத்தில் வெறும் பள்ளத்தாக்கு. அங்கே விழுவதற்கு என்ன இருக்கிறது என்றார். தொங்குகிறவனை வௌவாலாக்கிவிட்டார்.

உங்கள் அம்மா முகம் சுளித்தாள். “ஏனுங்கண்ணா, ஆளுக்குப் பதிலா வௌவாலா? அது இன்னும் அபசகுனமுங்க.”

“சீனனுக்கு அது அதிர்ஷ்டம், அம்மிணி. வாசல்ல வரைஞ்சு வெச்சிருப்பான். தலைகீழாத் தொங்குனாத்தான் அதுக்குத் தூக்கம். அது கண்ணுக்கு நாமதான் தலைகீழு.”

அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வயிற்றில் கைவைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “உள்ள இருக்கறதும் தலை கீழ இருந்தாத்தானுங்க சுகப்பிரசவம்?”

மச்சான் தூரிகையை வைத்துவிட்டுச் சிரித்தார். தனக்கு அது தோன்றவே இல்லை என்றார்.

மறுநாள் கிளம்பும்போது, சீட்டு எடுக்கவில்லையா என்று கேட்டேன்.

“எது வந்தாலும் போறது போறதுதானுங்களே” என்றாள்.

உடுமலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் வாங்கிக்கொடுத்த நிலக்கடலையை அண்ணனுக்குக்கூடக் கொடுக்காமல் தின்றுகொண்டே போனாள்.