வடிகட்டியில் மினுங்கிய பொடி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பரளச்சிப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே, செம்மண் சரளை கொட்டி உருட்டிய ஒரு விமானத் தளம் இருந்தது. மில் முதலாளி பால்ச்சாமி நாலு பேர் உட்காரும் பழைய ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றை வாங்கி, வாடகைக் கார் மாதிரி விட்டிருந்தார். அதை ஓட்டியவன் பாளையம்பட்டி வத்தல் கடைக்காரர் மகன் சண்முகவேல். மெட்ராஸில் விமானம் ஓட்டப் படித்துவிட்டு, பெரிய கம்பெனிகளின் வாசலில் ஆறு வருஷம் நின்று, ஒன்றும் அமையாமல் திரும்பி வந்தவன். தினமும் காலையில் தளத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்ப்பான். வெயில் காலத்தில் சரளைக்கு அடியில் கரிசல் வெடித்துக்கொண்டே இருக்கும். நேற்று இல்லாத பிளவு இன்று இருக்கும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பங்குனியில் மெக்கானிக் வீரணன் அவனைக் கொட்டகைக்குள் கூப்பிட்டார். எண்ணெய் வடிகட்டியை அறுத்து ஒரு வெள்ளைத் துணியில் விரித்து வைத்திருந்தார். மடிப்புகளுக்குள் ஏதோ மினுங்கியது.

“இது என்னண்ணே?”

“இரும்புப் பொடி. எஞ்சினுக்குள்ள ஏதோ ஒண்ணு அரைபடுது. எம்புட்டு நாள் தாங்கும்னு எனக்குத் தெரியாது. இத வச்சுப் பறக்கக் கூடாது.”

இருவரும் முதலாளியிடம் போனார்கள். பால்ச்சாமி துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “பிரிச்சா எத்தன நாளு ஆகும்?”

“ஒரு மாசம்.”

“அடுத்த வாரம் வரைக்கும் ஆளுகளுக்கு வாக்குக் குடுத்துட்டேன். அது முடியட்டும்.”

அன்றைக்கே வீரணன் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். சண்முகவேல் ஏறவில்லை. இதிலிருந்து இறங்கினால் இன்னொரு விமானம் தனக்குக் கிடைக்காது என்ற பயம் அவனைப் பிடித்து வைத்திருந்தது.

அடுத்த மூன்று நாளும் பறந்தான். ஏறியதிலிருந்து இறங்கும் வரை காது எஞ்சினிலேயே கிடந்தது. வீட்டில் பாதிச் சோற்றில் எழுந்தான்.

“ஒடம்புக்கு என்ன செய்யுது?” என்று மனைவி கனகலட்சுமி கேட்டாள்.

“ஒண்ணுமில்ல.”

நாலாம் நாள் வந்தவர் திருச்சுழி கொத்தமல்லி வியாபாரி அப்துல் பாரி. மாதம் ஒரு தடவை மெட்ராஸுக்குப் பறப்பார். பின்னால் உட்காரவே மாட்டார். முன் இருக்கையில், சண்முகவேலுக்குப் பக்கத்தில்தான்.

“என்ன மாப்ள, மொகம் வாடிக் கெடக்கு?”

சொல்வதற்கு அதுதான் சமயம். வாய்வரை வந்தது.

“வெயிலு மாமா. வேற ஒண்ணுமில்ல.”

கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. திருச்சுழியைத் தாண்டியதும் எண்ணெய் அழுத்த முள் மெல்லச் சாய்ந்தது. சண்முகவேல் விமானத்தைத் தளத்துக்கே திருப்ப முயன்றான். பாதி திரும்புவதற்குள் எஞ்சின் தடதடவென்று உதறி, நின்றுவிட்டது. காற்றாடி அசையாமல் கண்ணுக்கு முன்னால் நட்டுக்கொண்டு நின்றது. காற்று மட்டும் இரைந்தது.

“மாப்ள, சத்தத்தக் காணோமே?” என்றார் அப்துல் பாரி.

“பெல்ட்ட இறுக்கிக்கங்க மாமா. கம்மாய்க்குள்ள எறக்குறேன்.”

வறண்ட கண்மாய் மேலிருந்து பார்க்கத் தட்டையாகத்தான் தெரிந்தது. சக்கரம் தரையைத் தொட்டு ஓடவும் செய்தது. வெட்டிப் போட்ட ஒரு கருவேலந்தூர் வலது இறக்கையில் மாட்டியது. விமானம் சுழன்று, அப்துல் பாரி இருந்த பக்கமாகக் கரையில் மோதியது. ஆடு மேய்த்தவர்கள் ஓடிவந்து தூக்கியபோது அவருக்கு உயிர் இல்லை. சண்முகவேலுக்குக் கை மட்டும் ஒடிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்த பால்ச்சாமி கட்டிலை ஒட்டி நின்று, “விசாரிக்க வர்ற ஆபீசர்மாருகிட்ட எஞ்சின் திடீர்னு நின்னு போச்சுன்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றார்.

கட்டுப் போட்ட கையோடு சண்முகவேல் திருச்சுழிக்குப் போனான். அப்துல் பாரியின் மனைவி சபுரா பீவி இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்களைப் பார்க்க மாட்டாள். மகன் ஹாரிஸ் அவனைக் கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்தான். வடிகட்டியில் பார்த்தது முதல் ஒன்றுவிடாமல் சண்முகவேல் சொன்னான்.

திரைக்குப் பின்னாலிருந்து சபுரா பீவி கேட்டாள். “தெரிஞ்சுதான் ஏத்துனீகளா?”

“ஆமா.”

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா பஸ்ஸுல போயிருப்பாக.”

ஹாரிஸ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“எங்கிட்டச் சொன்னத ஆபீசர்மாருகிட்டயும் சொல்லுவீகளா?”

“சொல்லுறேன்.”

சொன்னான். வீரணனைத் தேடிப்பிடித்து அவரையும் சாட்சி சொல்ல வைத்தான். விமானக் கம்பெனியை மூடினார்கள். நஷ்டஈடும் கடனும் ஏறி, பால்ச்சாமியின் மில்லும் நின்றது. சண்முகவேலின் லைசென்ஸும் போனது. அப்பாவின் வத்தல் கடையில் உட்கார்ந்தான். மில்லில் வேலை போனவர்கள் கடை வாசலில் நின்று ஏசினார்கள், கேட்டுக்கொண்டான்.

அடுத்த வருஷம் அப்துல் பாரியின் நினைவுக்கு ஓதும் வருஷ ஃபாத்திஹாவுக்கு, பாளையம்பட்டிக் கடைத்தெருவில் அவரோடு வியாபாரம் செய்த எல்லோரையும் ஹாரிஸ் வந்து அழைத்தான். வத்தல் கடைக்கு மட்டும் வரவில்லை. அவன் அடுத்த கடைக்குள் போகும்வரை சண்முகவேல் தலையைக் குனிந்து தராசையே பார்த்துக்கொண்டிருந்தான்.