ஊர்ச்சனத்தின் கன்ட்ரிப் பாட்டு

சனிக்கிழமை காலையில், இங்கே நோர்வேயில், வெஸ்ட்லி நிலையத்தில் மெட்ரோ ஏறினால், தலையில் கௌபாய் தொப்பியும் காலில் கூர்மூக்குச் சப்பாத்துமாக ஒரு நோர்வேக்காரர் என் எதிரில் வந்து உட்காருவார். பெயர் ஆர்னே. முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை செய்பவர். ஆயுசில் ஒரு மாட்டைத் தொட்டிருக்க மாட்டார். கன்ட்ரிப் பாட்டென்றால் உயிர்.

ஒருநாள் அவருக்கு என் தொலைபேசியிலிருந்த பாட்டொன்றைப் போட்டுக் காட்டினேன். பாடுவது மேவிஸ் அன்ரி, ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண். கண்மூடிக் கேட்டவர், "அமெரிக்காவா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "ஊர்ஃபோல்க்கா? அவர்கள் நீளக் குழல்தானே ஊதுவார்கள்? இது அவர்களுடையது இல்லையே." பூர்வகுடிக்கு நோர்வேஜியனில் அதுதான் சொல். என் காதில் எப்போதும் ஊர்ச்சனம் என்றே விழும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சனம்தான் வெள்ளைக்காரர் பண்ணைகளில் கூலியாகக் கிடைத்த மாவுக்கும் சீனிக்கும் மாடு சாய்த்து மேய்த்தது. நெருப்பைச் சுற்றியிருந்து கிராமபோனில் கேட்ட மெட்டுகளில், தங்களிடமிருந்து அரசு பறித்துக்கொண்டுபோன பிள்ளைகளைப் பாடியது. வானொலிகள் அந்தப் பாட்டுகளை அதிகம் சீண்டவில்லை. மாடு மேய்த்தவன் பாடினால் கள்ளப் பாட்டாம்!

இதெல்லாம் என் தம்பி ரூபன் சொல்லித் தெரியும். வள்ளத்தில் ஆஸ்திரேலியா போய், நிரந்தர விசா இல்லாமலே காலம் தள்ளியவன். மேவிஸ் அன்ரி பக்கத்து வீடு. யாழ்ப்பாணத்தில் அம்மா செத்தபோது, "வெளிக்கிட்டா திரும்ப விடமாட்டாங்கள் அக்கா" என்று அழுதான். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டைப் பதிந்து அனுப்பினான். சின்னதில் தாயிடமிருந்து பிடுங்கப்பட்ட மேவிஸ் அன்ரி, தாயைத் தேடிக் கட்டிய பாட்டு. தொடக்கத்தில் அவன் குரல்: "அக்கா, கேளன். இவ கன்ட்ரி எண்டு பாடுறது நாடில்லை. நாங்கள் ஊர் எண்டுறமே, அது."

போன மாரியில் அவன் நெஞ்சுவலியில் போய்விட்டான். அடக்கத்தைத் தொலைபேசியில்தான் பார்த்தேன். தேவாரம் பாட ஆளில்லை; மேவிஸ் அன்ரி கிற்றாரோடு அதே பாட்டைப் பாடினா. பிறகு என்னைப் பார்த்து, "உன் தம்பி இனி என் கன்ட்ரியில் இருக்கிறான்" என்றா.

"ஓம், ஆஸ்திரேலியாவிலைதானே தாட்டிருக்கினம்" என்றார் பக்கத்திலிருந்த என் கணவர்.

இல்லையப்பா. நாடு அவனுக்கு விசா கொடுக்கவில்லை. அவ ஊரைக் கொடுத்தா.

ஆர்னே பாட்டை மறக்கவில்லை. எங்கு தேடியும் கிடைக்காமல் என்னிடமே வந்தார். "முன்னால் யாரோ ஏதோ பேசுகிறானே, அதை வெட்டிவிட்டு அனுப்பு." வெட்ட எனக்குக் கை வரவில்லை. முழுதாகவே அனுப்பினேன்.

இந்தச் சனிக்கிழமையும் எதிரில் வந்து உட்கார்ந்தார். காதில் இயர்போன், சத்தம் வெளியே கசிந்தது. அந்தக் கௌபாய் தொப்பிக்குக் கீழிருந்து என் தம்பி கூப்பிட்டான்: "அக்கா, கேளன்."

"கேக்கிறனடா" என்றேன். ஆர்னே நிமிர்ந்து பார்த்து, தனக்குச் சொன்னதாக நினைத்துத் தலையாட்டினார்.