அடைக்கு முப்பது முட்டை

தீவுத் தோட்டத்தில் என் ஆறு கோழிகளும் இறகு உதிர்க்கின்றன. மூன்று வாரமாக ஒரு முட்டைகூட இல்லை. இதை என் பக்கத்தைப் படிக்கும் உங்களிடம் சொல்லாமல், கத்தரிக்காய்ப் படமாகப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

இன்று எங்கள் குட்டித் தீவிலிருந்து படகேறி ஜோர்ஜ்டவுன் நகரத்துக்கு வந்தேன். சூலியா தெரு மளிகைக் கடையில் முப்பது முட்டை உள்ள தட்டு ஒன்றைக் கையில் எடுத்ததுதான் தாமதம்.

“தம்பி! கம்பத்துக் கோழி, நாட்டுக்கோழி வளர்க்கிற ஆளு கடை முட்டை வாங்கலாமா?”

திரும்பினால், என் பதிவுக்கெல்லாம் முதல் லைக் போடும் டத்தோ கிராமாட் பகுதி அக்கா.

“சாப்பிட இல்லக்கா. கோழிக்கு அடை வைக்க,” என்று உளறிவிட்டேன்.

“அடைக்கு ஒத்தப்படையிலதானே வைப்பாங்க? நீ முப்பது எடுத்திருக்கியே லா!”

கடைக்காரர் சிரிக்காமல் வந்து, தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டார்.

“இப்ப சரியாப் போச்சு, அண்ணே.”

முப்பதுக்கும் காசு வாங்கிக்கொண்டார்.

கடை முட்டை குஞ்சு பொரிக்காது என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

கம்பத்து முட்டைக்குச் சொல்லிவைத்தவர்களே, வீட்டில் இருபத்தொன்பது இருக்கிறது. கோழிகள் மாட்டேன் என்கின்றன. அடைக்கு உங்களில் யார் உட்காருகிறீர்கள்?