மாரிமுத்து அண்ணனும் ஆஸ்திரேலியா போன சேர்மனும்

செய்தி வந்தபோது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் முடிதிருத்தும் கடை நாற்காலியில், ஒரு கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் மாரிமுத்து அண்ணன் மகள் கோமதி. “அங்கிள், அப்பா போய்ட்டாரு. காலையில தூக்கத்துலயே.” அந்தக் கன்னத்தை மழிக்காமலே எழுந்தேன். கிள்ளானுக்கு ரயிலில் நின்றுகொண்டே போனேன். அந்த ரயில் அவ்வளவு வேகமாக முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடாது. ஓட்டுநருக்கே விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

உங்களுக்கெல்லாம் மாரிமுத்து அண்ணனைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவராகத் தெரியும். எனக்கு அவர் நாற்பது ஆண்டு படத்துணை. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கள் இருவர் அளவுக்குப் படம் பார்த்தவர் எவருமில்லை. இருந்தால் முன்னால் வரட்டும்.

ஒருமுறை கிள்ளான் திரையரங்கில், கதாநாயகன் கிரேன் கொக்கியில் தொங்கியபடி சுழன்று பத்துப் பேரை உதைத்தான். கைதட்டித் தட்டி என் உள்ளங்கை சிவந்துவிட்டது. அண்ணனோ எழுந்து நின்று, “எவன்டா அப்படிச் சுத்துறான்? அந்த ஆபரேட்டர் லைசன்ச புடுங்குங்கடா!” என்று கத்தினார். அரங்கமே படத்தை விட்டு அவரைப் பார்த்தது. இன்னொரு நாள் மலாய்ப் பேய்ப்படம். பேய் வந்ததும் எங்கள் வரிசையிலிருந்து ஓர் அலறல். அலறியது அவர்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வந்தேன். அவர் இல்லாத இடத்தில் பொய் கூடாது. அலறியது நான்.

பிறகு சர்க்கரை நோய் அவர் கண்ணை எடுத்தது. சிறுநீரகமும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். “நம்ம படம் முடிஞ்சுதுலா,” என்றார். “நான் எதுக்குண்ணே இருக்கேன்?” என்றேன். அன்று முதல் சனிக்கிழமை மதியங்களில் கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் அவர் வீட்டில், பாலும் சீனியும் போடாத தே ஓ தேநீர் இரண்டு குவளையோடு, திரையில் நடப்பதை நான் சொல்ல, அவர் கேட்பார்.

அவர் தேர்ந்தெடுத்தது ஒரு கொரிய நாடகம். “நம்ம சீரியலுக்குக் கண்ணு எதுக்கு, காது போதும். இதுலதான் உனக்கு வேல இருக்கு,” என்றார். பேச்சு கொரிய மொழி, கீழே ஓடுவது மலாய் எழுத்து. நானோ எஸ்டேட் பள்ளியில் மூன்று ஆண்டு படித்தவன். இரண்டு சொல்லை எழுத்துக்கூட்டுவதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதனால் என்ன? முகத்தைப் பார்த்தே கதை சொன்னேன். எழுதியவனைவிட நன்றாகவே சொன்னேன்.

அதில் ஒரு கம்பெனி சேர்மன். வயதானவர், நோயாளி, ஓயாமல் இருமுவார். அந்த இருமலை வைத்தே அண்ணன் அவரைக் கண்டுகொள்வார். ஒரு சனிக்கிழமை சேர்மன் செத்துப்போனார். திரை முழுக்க வெள்ளைப் பூ, நடுவே கறுப்பு நாடா கட்டிய படம். முந்தின நாள் டயாலிசிஸில் ஊசி குத்திய கையை அண்ணன் தலையணைமேல் வைத்திருந்தார்.

“ஏன்டா எல்லாரும் அழுவுறாங்க?”

“ஏர்போர்ட்ல வழியனுப்புறாங்கண்ணே. சேர்மன் வைத்தியத்துக்கு ஆஸ்திரேலியா போறாரு.”

“குடுத்து வெச்ச மனுசன்,” என்றார்.

அதன்பின் வாராவாரம் சேர்மனுக்கு நான்தான் கதை கட்டினேன். சிட்னியில் ஒரு தமிழ் நர்ஸ் அவரைக் கவனித்துக்கொண்டாள். ரசம் வைத்துக் கொடுத்தாள். உடம்பு தேறியது.

அந்தச் சமயத்தில் சுபாங் ஜெயாவில் இருந்த கோமதி அப்பாவோடு தங்க வந்துவிட்டாள். பட்டதாரி. எழுத்து மறைவதற்குள் படித்துவிடுவாள். பார்வையில்லாத மனிதரை இத்தனை மாதம் ஏமாற்றினான் பாவி என்று அண்ணன் நினைத்துவிட்டால்? முழங்கால் வலி என்று சொல்லி இரண்டு சனிக்கிழமை போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமைக்குள் அந்த அழைப்பு வந்துவிட்டது.

இறுதி ஊர்வலத்துக்குப் பண்டமாரானே திரண்டது. துறைமுகத்தில் கப்பல்கள் சரக்கு இறக்காமல் காத்து நின்றன. எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் கோமதி என்னை ஓரமாக அழைத்தாள். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

“அங்கிள், அந்தச் சேர்மன் எப்பவோ செத்துட்டாருன்னு நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன்.”

“அண்ணன் என்னம்மா சொன்னாரு?”

“சிரிச்சாரு. ‘தெரியும்லா. ஏர்போர்ட்ல எவன் அப்படி அழுவான்? என் முன்னால சாவுன்னு சொல்ல சுப்பையாவுக்கு வாய் வரல. நீ படிச்சுச் சொல்றதவிட அவன் கதைதான் நல்லாருக்கு. அவன் வரட்டும், சேர்மன் எப்ப திரும்பி வராருன்னு கேட்டு முழிக்க வெக்கிறேன்’னாரு.”

என் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்த கண்டெய்னர் தரையில் இறங்கியது, அவர் இறக்குவதைப் போலவே சத்தமில்லாமல். மழிக்காத கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, துக்க வீடென்றும் பாராமல் நானும் சிரித்துவிட்டேன்.

அந்த இரண்டு சனிக்கிழமைகள் என் தப்பு. அதற்குத் தண்டனையாக, அவர் கேட்காமல் விட்டுப்போன கேள்வி என்னிடமே இருக்கிறது. நான் முழித்திருக்க மாட்டேன், அண்ணே. பதில் தயார். சேர்மன் வந்து இறங்கிவிட்டார். ஏர்போர்ட்டில் இந்தமுறை ஒருவரும் அழவில்லை. இருமல் நின்றுவிட்டது.