குழாய்க்குள் கறுப்புச் சேறு

பரங்கிப்பேட்டை பக்கம் ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் நான் தொட்டி கழுவும் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் அங்கேயே வெல்டர். கடலிலிருந்து தண்ணீர் இழுக்கிற இரும்புக் குழாய் முழுக்க அவர் பற்றவைத்தது. மூன்று வருஷம் ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

ஒரு மழைக்காலம் பண்ணையை மூடியிருந்து, தை பிறந்து திறந்தோம். மோட்டாரைப் போட்டதும் அவர் பற்றவைத்த ஓர் ஒட்டின் ஓரத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"ஒட்டு சரியில்ல. கண்ணு தெரியலன்னா வீட்ல இருக்க வேண்டியதுதான பெரியவரே" என்றார் மேனேஜர், எல்லார் முன்னாலும்.

என் வீட்டுக்காரர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து போய்விட்டார். மறுநாள் வேலைக்கும் வரவில்லை.

ஒழுகின இடத்தில் அறுத்துப் போட்ட குழாய்த் துண்டைக் கழுவ என்னிடம் தந்தார்கள். உள்ளே கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம். எனக்கு அது புதுசில்லை. பிச்சாவரம் உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடித்தவள் நான். மரவேர் சேற்றிலிருந்து காலை எடுத்தால் இதே நாற்றம்தான். வெள்ளி மெட்டி கறுத்துப்போகும் என்று துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவோம்.

சேற்றைச் சுரண்டினேன். அம்மை வடு போல இரும்பில் குழி குழியாக இருந்தது. ஒட்டுக்கு ஒரு முழம் தள்ளியும் குழி.

மேனேஜரைக் கூப்பிட்டேன். "இங்க ஏது சார் ஒட்டு?"

"துரு பிடிச்சிருக்கும்மா."

"துருன்னா செவப்பா இல்ல இருக்கும்? மூடுனப்ப தண்ணிய வடிக்க வேணாம்னது யாரு?"

அவர்தான் சொல்லியிருந்தார். துண்டைக் கடல் படிப்புப் படித்த ஒரு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். தண்ணீர் ஓடாமல் நின்றால், காற்றில்லாத அந்தச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகுமாம். அவை விடுகிற கந்தக வாயுதான் அந்த நாற்றம். அது இரும்பைக் குழி குழியாக அரிக்குமாம். ஒட்டில் குறையில்லை என்றும் அந்த அம்மா சொல்லிவிட்டார். படித்தவர் சொன்ன பிறகுதான் மேனேஜர் நம்பினார். நான் சொன்னது போதவில்லை.

சாயங்காலம் மேனேஜர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தப்பு உங்க மேல இல்ல. நாளைக்கு வந்துடுங்க."

"அன்னிக்குக் கேட்டவங்க இங்க யாரும் இல்லயே சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் காலை மேனேஜர் எல்லாரையும் குழாயடிக்குக் கூப்பிட்டு, என் வீட்டுக்காரர் முன்னால் அதையே சொன்னார். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார். பின்னால் நின்ற பெண்கள், "கேக்கல சார்" என்றார்கள். இன்னொரு தடவை சொன்னார். அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் கையுறையை எடுத்து மாட்டினார்.