இடப்பக்கக் கதவு

மண்ணெண்ணெயும் தவிடும் கலந்த வாசனை மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அது சிங்காரண்ணனின் வாசனை. கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்த கறுப்புக் காரை ஓட்டியவர் அவர். வெள்ளிக்கிழமைதோறும் டப்பாவிலிருந்து மெழுகு பாலீஷ் எடுத்துத் தேய்ப்பார். போன வார மெழுகின் மேல் களத்துத் தூசி படியும், அதன் மேல் இந்த வார மெழுகு ஏறும்.

அப்போது ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. புது ஆட்சி வந்து சுவர்களெல்லாம் கறுப்பு சிவப்பாகியிருந்தாலும், அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டவர்களுக்கும் என் அப்பா போன்ற மிராசுதார்களுக்கும் ஒத்துவரவில்லை. ஒருநாள் வாய்க்கால் பாலத்தில் செங்கொடியோடு சிலர் காரை மறித்தார்கள். அப்பாவும் சிங்காரண்ணனும் இறங்கிப் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது, பின் சீட்டில் இடப்பக்கமாகத் தனியாக இருந்த என் பக்கத்துக் கதவில் 'கர்ர்' என்று ஒரு சத்தம். கண்ணாடிக்கு வெளியே அரிவாளோடு நின்றவர் சிங்காரண்ணனின் தம்பி. அண்ணனுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவரும்போதெல்லாம் எனக்குக் கொடுக்காப்புளியும் கொண்டுவருகிறவர். உள்ளே என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. அப்பா திரும்பி வந்து மறுபக்கமாக ஏறியதால் எதையும் பார்க்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன், கதவு பளபளவென்று இருந்தது. பயத்தில் நானாக எதையோ நினைத்துக்கொண்டேன் என்று விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து அக்காவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அப்பா கார் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "என்ன சிங்காரம், களத்துல கெடந்த படுதா மாதிரி இருக்கு? பழைய மெழுக மொத்தமா எடுத்துட்டுப் புதுசா போடு" என்றார். சிங்காரண்ணன் பழைய வேட்டித் துணியைக் 'கிருஷ்ணாயில்' என்று அவர் சொல்லும் மண்ணெண்ணெயில் நனைத்து ஒரு முழம் இடத்தைத் தேய்ப்பார். காய்வதற்குள் சலித்த தவிட்டைத் தூவித் துடைப்பார். மெழுகையெல்லாம் இழுத்துக்கொண்டு தவிடு திரிதிரியாக உருண்டு விழும். "எண்ணெ தேச்சா சீயக்கா போட்டுக் குளிக்கிறீங்கள்ல, அது மாதிரித்தாங்க பாப்பா" என்பார். கார் முழுக்க முடித்தும் இடப்பக்கப் பின்கதவை மட்டும் தொடவில்லை. நான் கேட்டதற்கு, "அது நல்லாத்தானே இருக்கு, விடுங்க" என்றார்.

அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று, அந்தக் கதவை நானே தேய்த்தேன். எனக்கு ஒன்பது வயது. தவிடு மையாகக் கறுத்து உருண்டது. அது கார் மெழுகல்ல, கறுப்பு பூட்ஸ் பாலீஷ். அதன் அடியிலிருந்து, கைப்பிடி தொடங்கிச் சக்கரம் வரைக்கும் தகடு தெரிய ஒரு கீறல் எழுந்து வந்தது.

"ஏன் பாப்பா..." என்றார், வாளியோடு வந்த சிங்காரண்ணன். அவர் பின்னாலேயே அப்பா.

"யார் வேலை இது?"

"நான்தாங்கய்யா. பாலத்துக் கட்டையில உரசிட்டேன். பயந்துகிட்டு மெழுகு போட்டு மறைச்சுட்டேங்க."

சொல்லிவிட்டு ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். தம்பி பெயரைச் சொல்லிவிடாதே என்ற கெஞ்சல் அதில் இருந்தது. பெயர் வெளியே வந்தால் போலீஸ் வரும் என்பது எனக்கும் தெரியும். சொல்லவில்லை. வேறெதுவும்கூடச் சொல்லவில்லை.

"உரசினதுக்கு இல்ல, மறைச்சதுக்கு. சாவிய வச்சுட்டுப் போ" என்றார் அப்பா.

கதவில் மிச்சமிருந்த தவிட்டைத் துடைத்துவிட்டுத்தான் சிங்காரண்ணன் போனார்.

இப்போது தஞ்சாவூரில் என் காரை விடும் கடையில் எதையோ பீய்ச்சுகிறார்கள். பழைய மெழுகு பத்தே நிமிடத்தில் நுரையாக வழிந்துவிடுகிறது. தவிடும் இல்லை, அந்த வாசனையும் இல்லை. நிலம் உச்சவரம்புச் சட்டத்திலும் பாகப்பிரிவினையிலும் கரைந்தது, கறுப்புக் கார் பழைய இரும்புக்குப் போனது, அப்பாவும் போய்விட்டார். சிங்காரண்ணன் நாகூரில் வேன் ஓட்டியதாகச் சொன்னார்கள். போய் விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. ஒரு தடவை அவரைப் பார்த்துவிட மாட்டோமா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.

"நான்தான்ப்பா ஆணியால கீறினேன்" என்று சொல்லியிருந்தால் எனக்கு ஓர் அறையோடு போயிருக்கும். அது எனக்குத் தோன்றியது மறுநாள் காலையில். எழுந்து வாசலுக்கு ஓடினேன். காரை வேறு யாரோ துடைத்துக்கொண்டிருந்தார்கள்.