ஸ்ரீவராகத்து ஈரப் புடவை

சூடாமணிக்கு ஆசாரம் என்பது நாற்பத்தொன்பது வயதுவரை அடுத்த வீட்டுச் சமாசாரமாகத்தான் இருந்தது. பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில், ஸ்ரீவராகத்தில் அவள் இருந்த தெருவில் எந்த வீட்டு நாற்காலியிலும் கேட்காமலே போய் உட்காருவாள். சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தே போவாள்; வெல்லத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பாள்; கடைக்காரர் பிச்சைக்கனியிடம் அரை மணி நேரம் வம்பளந்துவிட்டு வெல்லம் வாங்காமலே திரும்புவாள். கட்டிலில் படுத்து முறுக்குத் தின்றபடி வாரப்பத்திரிகை படிப்பதுதான் அவளுடைய அன்றாட பூஜை. கணவர் ஸ்ரீகண்டன் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. மனைவி எதைச் செய்தாலும், ஆகட்டும் என்ற அர்த்தத்தில், "ஆயிக்கோட்டே" என்ற ஒரே வார்த்தையோடு அவர் அபிப்பிராயம் முடிந்துவிடும்.

அப்படிப்பட்டவளைக் கண்டு தெருவே ஒதுங்கி நிற்கும் காலமும் வந்தது.

ஆனி மாதம், கட்டி வளர்ந்திருக்கிறது என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுடைய கர்ப்பப்பையை எடுத்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லாமல் வீடு திரும்பினாள். பத்தாம் நாள் காலை, காப்பி கலந்துகொண்டு நிற்கும்போது காலோடு ஏதோ வழிந்தது. துடைத்தாள். மறுபடி வழிந்தது. சிறுநீர்தான் என்பதை வாசனையே சொல்லிவிட்டது. போக வேண்டும் என்ற உணர்ச்சி இல்லை, அடக்கவும் வழியில்லை. நின்றாலும் நடந்தாலும் படுத்தாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். எடுத்த நர்ஸ், "ஆபரேஷன் கழிஞ்ஞா கொறச்சு வெள்ளம் போகும் அம்மே, ரெண்டாழ்ச்ச நோக்கு" என்று, இரண்டு வாரம் கொஞ்சம் தண்ணீர் போகத்தான் செய்யும் என்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் அந்தத் தப்பு நடந்தது. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சூடாமணியின் பின்புறம் நனைந்திருந்ததை அடுத்த வீட்டுப் பார்வதியம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டாள்.

"என்னடி, ஈரப் புடவையோட நிக்கறே? மடியா?"

சூடாமணி சட்டென்று மதிலிலிருந்து ஓரடி விலகினாள். "ஆமாம் மாமி. மடிதான். கிட்ட வராதேங்கோ" என்றாள்.

மடி என்றால் குளித்துவிட்டு, பிறர் கை படாத புடவையை உடுத்திக்கொண்டு, யாரையும் தொடாமல் சமையலும் பூஜையும் செய்வது. பழைய நாளில் சில பெண்கள் புடவையை நனைத்துப் பிழிந்து ஈரத்தோடேயே சுற்றிக்கொள்வார்கள். அந்தத் தெருவில் ஈர மடியைக் கண்ணால் பார்த்தே முப்பது வருஷம் ஆகியிருந்தது. பார்வதியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக உள்ளே போனாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

இரண்டு வாரம் கழிந்தது, கசிவு நிற்கவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஆனால் எந்த வாயால் சொல்வது? ஐம்பது வயதை நெருங்கும் பெண்பிள்ளை புடவையிலேயே போகிறாள் என்று தெரிந்தால் அடுப்படியில் யார் விடுவார்கள், பந்தியில் யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்று பயந்தாள். வெட்கம் பாதி, பயம் பாதி. மடியோ கேட்காமலே கையில் வந்து விழுந்திருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நாளைக்கு நாலு ஸ்நானம். உடம்பில் எப்போதும் ஈரப் புடவை. வாசனை தெரியக்கூடாது என்று மூன்று வேளையும் சாம்பிராணி. வீடு கோயில் மாதிரி மணக்கிறது என்று தெருவே மெச்சியது. கட்டிலை விட்டுவிட்டுப் பாயில் படுத்தாள். மடிக்குப் பாய்தான் விசேஷம் என்று அதற்கும் ஒரு பெருமை சேர்ந்தது. நவராத்திரிக்குப் பத்மநாபசுவாமி கோயில் பக்கமே அவள் போகவில்லை. கூட்டத்தில் நாலு பேர் மேலே இடிப்பார்கள், மடி கெட்டுவிடும் என்றாள். பெருமாளைவிட மடியைப் பெரிதாக நினைக்கிறவள் சாதாரண ஆளா என்று பார்வதியம்மாள் அசந்தேபோனாள். தங்கள் வீட்டு நைவேத்தியத்துக்கு அதிரசம் செய்து தரச் சொல்லி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சூடாமணி அடுப்பின் முன் நின்று மாவைத் தட்டியபடி, "சொட்டவிட்டது நீதானே, நீயே சாப்பிடு" என்று பகவானிடம் சண்டை போட்டாள்.

ஸ்ரீகண்டன் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குக் குடிபெயர்ந்தார். "ஆயிக்கோட்டே" என்றுதான் சொன்னார். ஆனால் இந்தத் தடவை அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

ஊரை ஏமாற்றிவிடலாம். பத்மப்ரியாவை என்ன செய்வது? ஒரே மகள், பெங்களூரில் வேலை, தலைச்சன் கர்ப்பம். முதல் பிரசவம் அம்மா வீட்டில் என்பது கல்யாணத்தன்றே பேசிவைத்த காரியம். அவள் பிரசவ வலியில் தவிக்கும்போது பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்; சூடாமணிக்கு இந்த உலகத்தில் அதைவிடப் பெரிய ஆசை வேறு இருக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில், நாலு பேருக்கு நடுவில், சொட்டச் சொட்ட எங்கே போய் உட்காருவது? அதனால் போனில் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தாள்.

"அங்கேயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கோல்லியோ. மாமியார் பாத்துப்பா. எதுக்குடி அலைச்சல்?"

"நேரா சொல்லிடும்மா. நான் வந்து தொட்டா உன் மடி போயிடும், அதானே? பிரசவ ரூம் உனக்குத் தீட்டு."

சூடாமணி போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஐந்தாவது ஸ்நானம் என்று ஸ்ரீகண்டன் நினைத்துக்கொண்டார்.

ஐப்பசியில், ஆறு மாத வயிற்றோடு, சொல்லாமல் கொள்ளாமல் பத்மப்ரியா வந்து இறங்கினாள். வந்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது. பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேரே சமையலறைக்குள் நுழைந்தாள்.

"வேண்டாம்டி, தள்ளி நில்லு, நான் மடி."

"உன் மடியை உடைப்பில போடு" என்றபடி பத்மப்ரியா அம்மாவை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். விடாமல் கட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை எடுத்துப் பார்த்தாள். நனைத்துப் பிழிந்த துணி சில்லென்றுதான் இருக்க வேண்டும். இது வெதுவெதுவென்று இருந்தது.

"அம்மா, என்ன இது?"

சாம்பிராணிப் புகைக்கு நடுவில் சூடாமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு மாதக் கதை அரை மணி நேரத்தில் வெளியே வந்தது. பத்மப்ரியா முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு யோசுவா என்ற பழைய கல்லூரித் தோழனிடம் போனில் விசாரித்து, மறுநாளைக்கே ஒரு சிறுநீரக அறுவை டாக்டரிடம் நேரம் வாங்கினாள். கூடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரீகண்டன் தலையணையைத் தூக்கிக்கொண்டு தம் பழைய இடத்துக்கே திரும்பினார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அவர் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான்.

டாக்டர் ரேஷ்மிக்கு முப்பத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. ஒரு குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் நீல மருந்தை ஏற்றி, கீழே மூன்று பஞ்சுகளை வைத்து, சூடாமணியைக் கொஞ்ச நேரம் நடக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தபோது ஒரு பஞ்சு நீலமாகியிருந்தது. "கண்டோ அம்மா, இதுதான் விஷயம்" என்று கையுறை விரலால் காட்டினார். கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் முன்னும் பின்னுமாக ஒட்டிக்கொண்டிருப்பவை. ஒன்றை எடுக்கும்போது மற்றொன்றில் தையலோ கருவியின் சூடோ பட்டுவிடுவது எப்போதாவது நடக்கும். பட்ட இடம் பத்து நாளில் நைந்து பிறப்புவழிக்குள் ஓட்டையாகிவிடும். அபூர்வம்தான், ஆனால் மூடிவிடலாம்.

ஓட்டை எவ்வளவு பெரிது என்று சூடாமணி கேட்டாள். ஒரு சோளமணி அளவு என்றார் டாக்டர். நாலு மாதமாக எந்தப் பிறவிப் பாவமோ என்று நினைத்து உருகிக்கொண்டிருந்தது ஒரு சோளமணி அளவுதான் என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நனைவதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னபோது டாக்டர் நன்றாகவே கோபித்துக்கொண்டார். தண்ணீர் குறைந்தால் எரிச்சலும் நாற்றமும் அதிகமாகுமே தவிரக் கசிவு நிற்காதாம்.

பத்மப்ரியா பிரசவம்வரை அங்கேயே தங்கிவிட்டாள். கார்த்திகையில் ஆபரேஷன். ஓட்டையைச் சுற்றிச் சீவிச் சுத்தமாக்கி, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகத் தைத்து, நடுவில் வயிற்றுக் கொழுப்புத் திரையின் ஒரு துண்டை வைத்தார்கள். தையல் இழுபடாதபடி மூன்று வாரம் சிறுநீர் இறங்கக் குழாயும் பையும். குழாய் மடங்கி அடைத்துக்கொண்டால் தையல் விட்டுப்போகும் என்று சொல்லியிருந்ததால், ஸ்ரீகண்டன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மணிக்கொரு தரம் பையை எட்டிப் பார்த்தார். பை நிரம்பினால் அவருக்கு வந்த சந்தோஷம் சம்பள உயர்வுக்குக்கூட வந்ததில்லை.

இருபத்திரண்டாம் நாள் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் குழாயை எடுத்தார்கள். மறுநாள் காலை சூடாமணி எழுந்து புடவையைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. பாயைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் உலர்ந்திருந்தது. மகளை எழுப்பித் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தார்கள். அன்று ஒரே ஸ்நானத்தோடு நிறுத்திக்கொண்டு, கட்டிலில் ஏறிப் படுத்து முறுக்குத் தின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய் நல்ல ஆசாரத்தைத் தொலைத்துவிட்டு வந்துவிட்டாளே என்று பார்வதியம்மாளுக்குத்தான் தீராத மனக்குறை. சூடாமணி அதற்கு ஒரு விளக்கமும் சொல்லவில்லை. குணமான பிறகும் அந்தப் பேச்சை எடுக்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு முற்பகல் பத்மப்ரியாவுக்கு இடுப்பு வலி எடுத்தது. ஸ்ரீகண்டன் ஆபீசிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். தாயும் மகளும் ஒரு வாடகைக் காரில் ஏறினார்கள். டிரைவர் ஆன்சன் இளவயசுக்காரன். கார் புதிது, சீட்டில் போட்ட கண்ணாடித் தாளைக்கூட இன்னும் முழுக்கப் பிரிக்கவில்லை. கிழக்கேகோட்டையில் பஸ்களுக்கு நடுவில் வண்டி சிக்கிக்கொண்டு நின்றபோது பத்மப்ரியா அம்மாவின் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

"அம்மா, நனைஞ்சுடுத்து. சீட்டெல்லாம் போயிடுத்து." வலியைவிட வெட்கத்தில்தான் அவள் முகம் சிவந்திருந்தது. "அவர் என்ன நினைச்சுப்பார். சொல்லாதேம்மா, ப்ளீஸ்."

சூடாமணி முன்னால் குனிந்து, பனிக்குடம் உடைந்த செய்தியை, பக்கத்துப் பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்கும் குரலில் மலையாளத்தில் சொன்னாள். "மோனே, மகளுக்கு வெள்ளம் பொட்டி. சீட்டு மொத்தம் நனஞ்ஞு. வேகம் விடு."

"சாரமில்ல அம்மா, அது தொடச்சா போகும்" என்று ஆன்சன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் வண்டியை ஒடித்து வெளியே எடுத்தான்.

"கேட்டியா?" என்று சூடாமணி மகளைத் தன் பக்கம் இழுத்துச் சாய்த்துக்கொண்டாள்.

"உன் புடவை, அம்மா."

"நனையட்டும். ஈரம்தானே, அதுக்கு என்னடி வெட்கம்."

அவளுடைய புதுச் சுங்குடிப் புடவை முழங்கால்வரை நனைந்தது. அந்தப் புடவையோடேதான் பிரசவ அறைக்கு வெளியில் நாலு பேருக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்; பிறகு நர்ஸ் கூப்பிட்டதும் உள்ளே போய், பேத்தி பிறக்கும்வரை மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மாற்றுப்புடவை பையில்தான் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.